காயில் அல்ல, பஞ்சுதான்: சொந்தமாகக் காயில் கட்டப் பழகுபவர்களுக்கு

பிரிட்டனில் வேப் (இ-சிகரெட்) கடைக்குப் போனால், ஐந்து காயில் (திரவத்தைச் சூடேற்றி ஆவியாக்கும் சின்னக் கம்பிச்சுருள்) கொண்ட ரெடிமேட் பாக்கெட் சுமார் பத்துப் பவுண்டுக்கு விற்கிறது. அதன் பாதி விலைக்குப் பத்து மீட்டர் கம்பியே கிடைக்கும். ஒரு காயிலுக்குத் தாராளமாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வெட்டினாலும் எண்பது காயிலுக்கு மேல் வரும். பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தாமே காயில் கட்டும் பழக்கத்துக்குள் வருகிறார்கள். வந்த பிறகு ருசிக்காகத் தங்கிவிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது 18 வயது நிரம்பிய, சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்களுக்கான கட்டுரை. புகைப்பழக்கமே இல்லாதவர் இதைத் தொட வேண்டியதில்லை. சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்றுதான் பிரிட்டன் சுகாதாரத் துறை சொல்கிறது, கெடுதலே இல்லை என்று அல்ல. இன்னொன்று, நான் எழுதுவது பிரிட்டன் நிலவரத்தை வைத்து. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது எல்லாமே தடை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் இது இருக்கக் கூடாது.

எதில் பழகுவது

நாமே காயில் கட்டும் அட்டமைசர்கள் (காயிலும் பஞ்சும் உட்காரும் மேல்பகுதி) முக்கியமாக இரண்டு வகை. டிரிப்பரில் டேங்க் கிடையாது. மூடியைத் திறந்து பஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட வேண்டும். டேங்க் வகையில் கண்ணாடிக் குழாய்க்குள் திரவம் நிற்கும், காயிலுக்கு வெளியே நீளும் பஞ்சின் வால் வழியாகக் காயிலுக்கு ஏறும். பிரிட்டன் விதிப்படி டேங்க் கொள்ளளவு 2 மில்லிதான்.

பழக டிரிப்பர்தான் நல்லது என்பேன். பஞ்சில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் அது பொறுத்துக்கொள்ளும், அளவாகத் திரவம் விட்டால் ஒழுகாது, மூடியைத் தூக்கினால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டு காயில் வைக்கும் டெக் (காயிலைத் திருகிப் பொருத்தும் மேடை) இப்போதைக்கு வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி அமையவில்லையென்றால் ஒன்று முந்தும், இன்னொன்று சோம்பும். எது தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் ஆர்வமே போய்விடும். ஒற்றைக் காயில் டெக் வாங்குங்கள்.

கீழே இருக்கும் மாட் (பேட்டரியும் பட்டனும் உள்ள பகுதி), வாட் அளவை நாமே வைக்கக்கூடியதாக, ஓம் காட்டும் திரை உள்ளதாக, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடுவதாக இருக்க வேண்டும். மெக்கானிக்கல் மாட் என்று சர்க்யூட்டே இல்லாத வெறும் உலோகக் குழாய் ஒன்று விற்கிறார்கள். புதியவர் அதை வாங்கவே கூடாது. காரணத்தைப் பேட்டரி பகுதியில் சொல்கிறேன்.

கம்பியும் கணக்கும்

கடையில் பத்து விதக் கம்பி இருக்கும். வாங்க வேண்டியது ஒன்றுதான்: கான்தல் ஏ1, 28 கேஜ். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். 28 கேஜ் என்றால் தடிமன் 0.32 மி.மீ., எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். சூடேறியதும் மேலே அலுமினிய ஆக்சைடு படிந்து கம்பியைக் காக்கும். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் கரண்ட் குறுக்கே பாயாமல் தடுக்கும். வளைத்தால் வளைந்தபடி நிற்கும். ஆரம்பக் கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நிக்ரோம் 80 என்ற கம்பி இதைவிடச் சீக்கிரம் சூடேறும், ஓம் குறைவு. அது அடுத்த கட்டம். எஸ்எஸ்316எல் எவர்சில்வர் கம்பி, வெப்பநிலையை மாட் கட்டுப்படுத்தும் முறையில் ஓடக்கூடியது. நிக்கலும் டைட்டானியமும் அந்த முறைக்கு மட்டுமே. சாதாரண வாட் முறையில் போட்டுச் சிவக்க வைக்கவே கூடாது. கிளாப்டன், ஏலியன் என்று பின்னிப் பின்னி நகை மாதிரி இருக்கும் காயில்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை சூடேற வாட் நிறைய வேண்டும், திரவமும் மளமளவென்று காலியாகும். முதல் காயில் சாதாரண உருண்டைக் கம்பியாகவே இருக்கட்டும்.

இனிக் கணக்கு. 28 கேஜ் கான்தல் மீட்டருக்குச் சுமார் 18 ஓம். 2.5 மி.மீ. கம்பித் தண்டின் மேல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 9 மி.மீ. கம்பி போகும். ஆறு சுற்றுக்கு 53 மி.மீ., இரண்டு பக்கமும் நீளும் கம்பி நுனிகளுக்கு, அதாவது கால்களுக்குச் சேர்த்து 8 மி.மீ., ஆக 61 மி.மீ. அதை 18-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 1.1 ஓம். 12 வாட் வைத்தால் சுமார் 3.6 வோல்ட், 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். சிகரெட் மாதிரி வாயில் இழுத்துப் பிறகு உள்ளே வாங்குகிறவர்களுக்கு இது கச்சிதமான அளவு. இதற்கென்று செயலிகள் உண்டு. ஆனாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். மாட் திரையில் 0.4 ஓம் என்று வந்தால் ஏதோ தவறு என்று அப்போதுதான் உடனே உறைக்கும்.

சுற்றுவது

வேண்டிய சாமான் கொஞ்சம்தான். 2.5 மி.மீ. தண்டு (அந்த அளவு டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியே போதும்), முனை ஒட்ட வெட்டும் கட்டர் அல்லது நல்ல நகவெட்டி, செராமிக் முனை வைத்த ட்வீசர், சின்னக் கூரான கத்தரிக்கோல், டெக்கின் திருகுக்குப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர். கடைசியாகச் சொன்னதில் கஞ்சத்தனம் வேண்டாம். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகுத் தலை மழுங்கிப்போனால் அட்டமைசரே வீண்.

கம்பியில் 12 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். கணக்கு 6 செ.மீ. சொன்னாலும் பிடித்து இழுக்க மிச்சம் வேண்டும். ஒரு முனையைத் தண்டோடு சேர்த்து இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை விறைப்பாக இழுத்தபடியே சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதை உரசிக்கொண்டு விழ வேண்டும். விறைப்பு குறைந்தால் இடைவெளி விழும், காயில் வயிறு பெருத்துவிடும். அப்படியானால் நேராக்கிக்கொண்டு மெனக்கெட வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக்கம்பி வெட்டுங்கள், சில காசுதான்.

சுற்றை எண்ணுவதில் ஒரு சின்னக் குழப்பம் எல்லோருக்கும் வரும். இரண்டு கால்களும் ஒரே பக்கம் நீண்டால் அது ஐந்தரை, ஆறரை என்று அரையில் முடியும் காயில். எதிரெதிர்ப் பக்கம் நீண்டால் முழு எண். உங்கள் டெக்கின் துளைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அதற்கேற்ப நிறுத்துங்கள். அரைச் சுற்று கூடினால் ஓமில் 0.08 அளவுதான் மாறும். கால் துளைக்கு எட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

டெக்கில் பொருத்துவது

தண்டை உருவாமல் காயிலோடு அப்படியே டெக்கில் வையுங்கள். கால்களைத் துளைகளில் விட்டுத் திருகை முடுக்குங்கள். திருகுத் தலைக்கு அடியில் கம்பி சிக்கும் டெக்காக இருந்தால், திருகு சுழலும் திசையிலேயே கம்பியும் வளைந்து போகும்படி வையுங்கள். மாற்றி வைத்தால் முடுக்க முடுக்கக் கம்பி வெளியே தள்ளப்படும். கம்பி ஆடாத அளவுக்கு முடுக்கினால் போதும். 28 கேஜ் மெல்லிசு, பலத்தைக் காட்டினால் துண்டாகிவிடும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் கால்களை ஒட்ட வெட்டுங்கள். அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு மூடியின் உள்பக்கத்தைத் தொட்டாலும் ஷார்ட்தான். காயில் காற்றுத் துளைக்கு நேராக, உலோகம் எதையும் தொடாமல், நடுவில் இருக்கட்டும். அப்புறம் தண்டை உருவுங்கள்.

மாட்டில் ஏற்றி ஓம் பாருங்கள். 1.0 முதல் 1.2 வரை எது வந்தாலும் சரி. 0.1, 0.2 என்று வந்தால் எங்கோ தொடுகிறது. அட்டமைசரே இல்லை என்று மாட் சொன்னால் கால் சரியாகப் பிடிக்கவில்லை. எண் நிலையில்லாமல் ஏறி இறங்கினால் திருகு தளர்வு. இந்த மூன்றில் எது வந்தாலும் பட்டனைத் தொடாமல் கழற்றிச் சரிசெய்யுங்கள்.

இப்போது பஞ்சில்லாமலே சூடேற்றிப் பார்க்க வேண்டும். 8 வாட், அரை நொடி. அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள். கம்பி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சீராகச் சிவந்து பரவ வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு ஓரத்தில் பளிச்சென்று சிவந்தால் அதுதான் ஹாட் ஸ்பாட். பட்டனை விட்டுவிட்டுச் செராமிக் ட்வீசரால் காயிலை மேலே மெல்ல வருடுங்கள், பிறகு இரண்டு பக்கமும் சேர்த்து லேசாக அமுக்குங்கள். மறுபடி அரை நொடி. சில தடவையில் சீராகிவிடும். இரும்பு ட்வீசரை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் ட்வீசர் வழியாகவே ஷார்ட் ஆகும். செராமிக் வாங்கச் சொன்னது அதனால்தான். மங்கிய சிவப்பு போதும், வெள்ளை வெளேரென்று எரிய விட வேண்டாம். புதுக்கம்பியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இதில் எரிந்து போகும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பஞ்சு

இதுவரை சொன்னதை ஒரு சாயங்காலத்தில் பழகிவிடலாம். காயில் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேலை செய்யும். பஞ்சு கோணலானால் செய்யாது. கருகுவது, ஒழுகுவது, ருசியே இல்லாமல் போவது, முக்கால்வாசிப் புகாருக்குப் பஞ்சுதான் காரணம். ஆனால் எல்லோரும் கம்பியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே சங்கதிதான் இங்கும். இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி வழியாகத் திரவம் ஏறுகிறது. இடைவெளியே இல்லாமல் அடைத்தால் ஏறாது. ரொம்ப இளக்கமாக விட்டால் இடைவெளி பெரிதாகி, திரவத்தைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் ஒழுகும். ஆரம்ப காலத்தில் சிலிக்கா கயிறு வைத்தார்கள். இன்று ஏறக்குறைய எல்லோரும் பருத்திதான்.

வெளுக்காத ஆர்கானிக் பஞ்சோ, சதுரத் துண்டுகளாக வரும் ஜப்பானியப் பஞ்சோ வாங்குங்கள். சதுரத் துண்டின் மேலும் கீழும் இருக்கும் அழுத்தமான தோலை உரித்துவிட்டால் உள்ளே மெத்தென்ற பஞ்சு இருக்கும். அதை இழை ஓடும் திசையில் பட்டையாகக் கிழியுங்கள், குறுக்கே வேண்டாம். மேக்கப் துடைக்கும் பஞ்சுருண்டைகளில் செயற்கை இழை கலந்திருக்கலாம், அவற்றைத் தொடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். விரலில் இருக்கும் மசாலா வாசனை பஞ்சில் ஏறினால் இழுக்கும்போது தெரியும்.

பட்டையின் ஒரு நுனியை மட்டும் விரலால் உருட்டிக் கூராக்கிக் காயிலுக்குள் விட்டு மறுபக்கம் இழுங்கள். நடுப்பகுதியை முறுக்காதீர்கள், முறுக்கிய பஞ்சில் திரவம் ஏறாது. இழுக்கும்போது கவனிக்க வேண்டியது இதுதான்: பஞ்சு லேசாகப் பிடித்துப் பிடித்து வர வேண்டும். கூடவே காயிலும் சாய்ந்தால் பஞ்சு அதிகம், உருவிக் கொஞ்சம் பிய்த்து எடுத்துவிட்டு மறுபடி விடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடினால் குறைவு. கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவே வெற்றிடம் நிற்கும், அந்த இடத்தில் கருகும். கை இந்தப் பிடிப்பை அறிந்துகொண்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நுனியின் முறுக்கிய பகுதியை வெட்டி எறியுங்கள். டிரிப்பராக இருந்தால் இரண்டு வால்களும் கீழே குழியின் தரையைத் தொடும் நீளத்துக்கு வெட்டிப் பதவிசாக மடக்கி விடுங்கள். காயிலுக்கு அடியில் காற்றுத் துளையைப் பஞ்சு மறைக்கக் கூடாது.

டேங்க் என்றால் இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். வால்களை டெக்கின் வெளி விளிம்பு வரை விட்டுச் சாய்வாக வெட்டுங்கள். ஊசி நுனியால் வாலைச் சீவிச் சீவி விடுங்கள், தளர்ந்த இழைகள் உதிர்ந்து வால் மட்டும் மெலியும். காயிலுக்குள் இருக்கும் பகுதி பழைய கனத்திலேயே இருக்கும். பிறகு வாலைத் திரவம் வரும் வாய்க்காலில் இறக்குங்கள். வாய்க்காலின் வாயை முழுக்க மூட வேண்டும், ஆனால் அதற்குள் திணித்து அடைக்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தித் திணிப்பதுதான் பலரும் செய்வது. ஒழுகுமோ என்ற பயம். அதன் பலன் நாலாவது இழுப்பில் நெஞ்சைக் காறும்.

நனைப்பது

காயிலின் மேல், இரண்டு பக்க வால்களின் மேல் சொட்டுச் சொட்டாகத் திரவம் விடுங்கள். வெள்ளைப் பஞ்சு நனைய நனையக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும். எங்காவது வெள்ளைத் திட்டு மிச்சமிருந்தால் அங்கே இன்னும் காய்ந்திருக்கிறது, உள்ளே காற்றுக்குமிழி நிற்கிறது. ட்வீசரால் லேசாகத் தட்டினால் குமிழி வெளியேறும், திட்டு மறையும். வெள்ளை முழுக்கப் போன பிறகு மூடியில்லாமலே 8 வாட்டில் ஒரு நொடி. சடசடவென்று சின்னச் சத்தத்தோடு காயில் முழுவதிலிருந்தும் ஆவி கிளம்ப வேண்டும். பாதியிலிருந்து மட்டும் வந்தால் மீதிப் பாதியில் பஞ்சு சேரவில்லை.

சரியாக இருந்தால் இன்னும் சில சொட்டு விட்டு மூடுங்கள். டேங்கை நிரப்பும்போது காற்றுத் துவாரத்தை அடைத்துவிட்டு நிரப்பி, மூடிய பிறகு திறக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா வையுங்கள். 9 வாட்டில் தொடங்கி அரை அரை வாட்டாக ஏற்றுங்கள். ருசி நன்றாக வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், 12 வரை போயே தீர வேண்டும் என்பதில்லை.

திரவம் இந்தக் காயிலுக்கு 50/50 வகை, அதாவது பிஜியும் (புரோப்பிலீன் கிளைக்கால்) விஜியும் (காய்கறி கிளிசரின்) பாதிப் பாதி கலந்தது நல்லது. விஜி அதிகமான கெட்டித் திரவம் மெல்லிய வால்களில் ஏறத் திணறும். பிரிட்டனில் நிகோட்டின் அளவு மில்லிக்கு 20 மி.கி. தாண்டக் கூடாது, நிகோட்டின் கலந்த பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்காது. கையில் சிந்தினால் உடனே கழுவுங்கள். பாட்டில்களைக் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்; குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எப்போது கெடுகிறது என்று பாருங்கள்

என்ன கோளாறு என்பதை அது வந்த நேரமே காட்டிக்கொடுக்கும். முதல் இழுப்பிலேயே கருகினால் சரியாக நனையவில்லை, அல்லது ஹாட் ஸ்பாட் பாக்கி. முதல் இரண்டு நன்றாக இருந்து, தொடர்ந்து இழுக்கும்போது நாலாவதில் கருகினால் வாலில் அடைப்பு. இன்னும் சீவி மெலிய விடுங்கள். சில நாள் நன்றாக ஓடிவிட்டு மெதுவாக ருசி மங்கினால் காயிலில் கரி படிந்திருக்கிறது, அது இயல்பு. இனிப்புத் திரவம் என்றால் சீக்கிரமே படியும்.

காற்றுத் துளை வழியாக ஒழுகினால் வால் வாய்க்காலை மூடவில்லை. வாயில் சூடான துளி தெறித்தால் காயிலுக்குள் பஞ்சு குறைவு, அல்லது திரவம் தேங்கியிருக்கிறது.

கருகிய ருசி வந்தால் அந்த இழுப்பை அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்த பஞ்சும் அதிகச் சூடும் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகும். ஒரு தடவை கருகிய பஞ்சு மறுபடி தேறாது, எவ்வளவு திரவம் விட்டாலும் அந்த நாற்றம் போகாது. பஞ்சை மாற்றினால் போதும், காயிலைக் கழற்ற வேண்டாம். பழைய பஞ்சை உருவி, 8 வாட்டில் மெல்லச் சூடேற்றிக் கரியைப் பொடியாக்கி, ஆறியதும் மாட்டிலிருந்து கழற்றித் தண்ணீரில் காட்டிப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு புதுப் பஞ்சு. நான் வாரம் ஒரு தடவையாவது மாற்றிவிடுவேன். கான்தல் காயில் அதையெல்லாம் தாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் ஓடும்.

பேட்டரி

பெரும்பாலான மாட்களில் 18650 செல் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள லித்தியம் பேட்டரி) போடுவார்கள். நல்ல செல் ஒன்று தொடர்ந்து 20 ஆம்பியர் வரை கொடுக்கும். நம்முடைய 1.1 ஓம் காயில் கேட்பது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, இடையில் மாட்டின் சர்க்யூட்டும் காவலுக்கு இருக்கிறது. மெக்கானிக்கல் மாட்டில் அந்தக் காவல் இல்லை. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், 0.15 ஓம் காயில் போட்டால் 28 ஆம்பியர், செல்லின் சக்தியைத் தாண்டிவிட்டது. ஷார்ட் ஆனால் கேட்கவே வேண்டாம், குழாய் வெடிகுண்டாகிவிடும். 2018-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் அப்படி ஒரு மாட் வெடித்து உயிரிழந்தார்.

செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் அதைப் போடாதீர்கள்; புது உறை மாட்டிக்கொள்ளலாம், கடையிலேயே செய்து தருவார்கள். சாவி, சில்லறை கிடக்கும் பாக்கெட்டில் தனிச் செல் போடவே கூடாது, பிளாஸ்டிக் டப்பா மலிவுதான். 3000 எம்ஏஎச் கொள்ளளவும் 40 ஆம்பியரும் ஒரே 18650-இல் உண்டு என்று அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் பொய், வாங்காதீர்கள். வீணான செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாமல், சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரி பெட்டியில் முனைகளில் டேப் ஒட்டிப் போடுங்கள்.

அடுத்த காயில்

இது கைக்கு வந்த பிறகு மாற்றிப் பார்க்க விரும்பினால் 26 கேஜ் நிக்ரோம் 80, 3 மி.மீ. தண்டு, ஆறு சுற்று. ஏறக்குறைய 0.6 ஓம் வரும், சுமார் 20 வாட்டில் ஓட்டலாம். இதை நேராக நெஞ்சுக்கு இழுப்பார்கள், ஆவி நிறைய வரும். ஆகவே 20 மி.கி. திரவத்தை இதில் ஊற்றக் கூடாது, தலை சுற்றும், குமட்டும். 3 மி.கி. போதும். பஞ்சுப் பட்டை கொஞ்சம் அகலமாக வேண்டும். எவ்வளவு அகலம் என்பதை அதே பிடிப்பை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.